விலை சொல்லும் உரிமை

ஊர் விட்டு ஊர் வந்து குடியேறிய குடும்பம் எதுவாயினும், அதன் முதல் மாதச் செலவுக் கணக்கில் ஒரு நாற்காலியோ கட்டிலோ இடம் பெற்றிருக்கும். பாத்திரங்களையும் படுக்கையையும் இரயிலில் கொண்டுவந்துவிடலாம். மேஜையையும் கட்டிலையும் பெரும்பாலோர் கொண்டுவருவதில்லை. ஆகவே, மொழி தெரியாத நகரில் நாம் நிகழ்த்திய முதல் பெரிய பேரம் மரச்சாமான் செய்பவரோடு நிகழ்ந்ததாகவே இருக்கும். அவர் சொன்ன விலையில் பாதியில் தொடங்கி, மூன்றில் இரண்டு பங்கில் முடித்துக்கொண்டு, வெற்றி பெற்றவர்களைப் போல வீடு திரும்பியிருப்போம். அந்த நாற்காலி இருபது ஆண்டுகள் உழைத்திருக்கும். ஆனால் அதைச் செய்தவர் பெயர் யாது என்று எவரேனும் கேட்டால் நமக்குச் சொல்லத் தெரியாது.

கைத்தொழில்களின் வரலாற்றை எழுதுவோர் உளியையும் இழைப்புளியையும், மரத்தின் இயல்பையும் மெருகின் அழகையும் விரித்துரைப்பர். செய்த பொருளை விற்ற கதையை எழுதுவோர் குறைவு. உண்மையில், வீட்டிலிருந்து தொழில் செய்த தச்சன் வாழ்ந்ததும் வீழ்ந்ததும் பட்டறையில் அன்று, விற்குமிடத்தில்தான். அவன் கைத்திறன் குறைந்ததால் கெட்டவன் அல்லன். தன் பொருளுக்குத் தானே விலை சொல்லும் உரிமையை இழந்ததால் கெட்டவன். இதனை இங்கிலாந்து, அமெரிக்கா, நமது பாரதம் ஆகிய மூன்று நாடுகளின் வரலாற்றிலிருந்து ஐந்து எடுத்துக்காட்டுகளால் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாடியறை முதலாளிகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலண்டன் மாநகரில் ஹென்றி மேஹ்யூ என்னும் பத்திரிகையாளர் உழைப்பாளர் வாழ்க்கையை வீடு வீடாகச் சென்று ஆராய்ந்தார். 1849, 1850 ஆம் ஆண்டுகளில் ‘மார்னிங் கிரானிக்கிள்’ நாளிதழில் அவர் எழுதிய கடிதங்கள் அக்காலத்து இலண்டன் தச்சர்களின் நிலையைத் தெளிவாகக் காட்டுகின்றன. அவர்களில் ஒரு பிரிவினருக்கு ‘மாடியறை முதலாளிகள்’ என்று பெயர். முதலாளி என்ற சொல்லைக் கேட்டு ஏமாந்துவிடலாகாது. கூரையை ஒட்டிய ஒரு சிற்றறை. அதுவே வீடு, அதுவே பட்டறை. சில ஷில்லிங்குகளுக்கு மரம் வாங்கிவந்து, மனைவியையும் குழந்தைகளையும் துணைக்கு வைத்துக்கொண்டு, மேஜையோ பெட்டியோ நாற்காலியோ செய்து முடிப்பவரே இந்த முதலாளி.

வேலையிழந்த கூலித் தச்சர்கள் பலர் இத்தொழிலில் இறங்கினர். இதற்குப் பெரும் மூலதனம் தேவையில்லை என்பதே காரணம். மர வியாபாரிகள் சிறு அளவிலும் மரம் விற்றனர். கையில் கருவிகள் இருந்தன. பிறரிடம் கைகட்டி நிற்பதினும் சுயமாகப் பிழைப்பது மேல் என்ற எண்ணமும் இருந்தது. எண்ணம் நல்லதுதான், ஆனால் வாரக் கடைசி வந்ததும் அதன் விலை தெரிந்தது.

சனிக்கிழமை மாலைக்குள் பொருளை விற்றாக வேண்டும். விற்றால்தான் அன்றிரவு உணவுக்கும், அடுத்த வாரத்து மரத்துக்கும் காசு. செய்த பொருளைத் தோளில் சுமந்துகொண்டு அவர்கள் கடை கடையாக ஏறி இறங்குவர். மலிவாக வாங்கிக் குவிக்கும் பெருங்கடைகளுக்குத் தச்சர்கள் சூட்டிய பெயர் ‘வெட்டுக் கொட்டில்’ என்பது. ஆட்டை அறுக்கும் கொட்டிலுக்கு வழங்கிய சொல்லையே அவர்கள் எடுத்தாண்டனர். கடைக்காரன் அவசரப்படமாட்டான். காலையில் ஒரு விலை கேட்பான். தச்சன் மறுத்துவிட்டு வேறு கடைகளைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தால், முன்பு கேட்டதினும் குறைவாகக் கேட்பான். பொழுது சாயச் சாய விலையும் சாயும். இருட்டிய பின்னர், மரத்தின் விலைக்கு மேல் சொற்பமே கிடைத்தாலும் கொடுத்துவிட்டுத் தச்சன் வீடு திரும்புவான்.

இதன் விளைவு என்ன? குறைந்த விலைக்கு ஈடு கட்ட அடுத்த வாரம் கூடுதலாகச் செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு போயிற்று. கூடுதலாகச் செய்ய அவசரம் வேண்டும். அவசரத்தில் தரம் கெடும். பசை காயுமுன் பொருத்திய மூட்டும், உள்ளே மட்டமான மரமும் மேலே மெல்லிய நல்ல மரப்பட்டையுமாக மேஜைகள் வெளிவந்தன. தரம் கெட்டதும் விலை மேலும் இறங்கியது. மிகையான உழைப்புக் கூலியைக் குறைக்கிறது. குறைந்த கூலி உழைப்பை மேலும் மிகையாக்குகிறது என்னும் கருத்தை மேஹ்யூ இத்தகைய தொழில்களிலிருந்தே எடுத்துக்காட்டினார்.

அடுத்த தலைமுறையிலும் இந்நிலை மாறவில்லை. கிழக்கு இலண்டனில் ஷோர்டிச், கர்ட்டன் சாலைப் பகுதிகள் மரச்சாமான் வாணிகத்தின் நடுவிடமாக விளங்கின. சிறு தச்சர்கள் தங்கள் பொருள்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு அங்குள்ள மொத்த வியாபாரிகளைத் தேடி அலைந்தனர். 1888 முதல் 1890 வரை, உழைப்புச் சுரண்டலை ஆராய்வதற்காக ஆங்கிலப் பிரபுக்கள் சபை அமைத்த விசாரணைக் குழு தையற்காரர்களோடு மரச்சாமான் செய்வோரின் துயரத்தையும் கேட்க நேர்ந்தது.

இவர்களிடம் திறமை இருந்தது, கருவி இருந்தது, உழைப்பும் இருந்தது. காத்திருக்கும் வலிமை ஒன்றுதான் இல்லை. திங்கட்கிழமை வரை பொருளை வைத்துக்கொள்ள இயலாதவன் சனிக்கிழமை விலை சொல்ல முடியாது. இது முதற் பாடம்.

காட்டில் கடைந்த கால்கள்

இலண்டனுக்கு வடமேற்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில், பக்கிங்காம்ஷயரில் ஹை விக்கம் என்னும் ஊர் இருக்கிறது. அதனைச் சூழ்ந்த சில்ட்டர்ன் குன்றுகளில் பீச் மரக்காடுகள் செழித்து வளர்ந்தன. நாவலாசிரியர் டேனியல் டிஃபோ 1720களில் வெளியிட்ட தம் பயண நூலில், அப்பகுதிப் பீச் மரம் நாற்காலி செய்வோருக்கும் கடைசல் தொழிலாளருக்கும் பெருமளவில் பயன்படுவதைக் குறிப்பிட்டிருக்கிறார்.

‘விண்ட்ஸர் நாற்காலி’ என்று உலகம் அறிந்த நாற்காலியின் தாயகங்களுள் இவ்வூர் தலைமையானது. அந்நாற்காலியின் அமைப்பு எளியது. நடுவே எல்ம் மரத்தாலான தடித்த இருக்கைப் பலகை. அதன் அடியில் துளையிட்டுச் செருகிய நான்கு கால்கள். மேலே துளையிட்டுச் செருகிய முதுகுக் குச்சிகள். குச்சிகளை அணைத்து வளைந்த ஒரு வில். எல்ம் மரத்தின் இழைகள் பின்னிக் கிடப்பதால் துளையிட்டாலும் பலகை பிளவாது. பீச் நேராகப் பிளக்கும். எளிதில் கடையவும் வரும். இவ்வாறு ஒவ்வொரு மரத்தின் குணத்தையும் அறிந்து செய்த வேலை அது.

கால்களைக் கடைந்தவர்கள் காட்டிலேயே குடிசை போட்டுக்கொண்டு வேலை செய்தனர். அவர்களை ‘பாட்ஜர்’ என்று அழைப்பது வழக்கம். நிற்கும் மரங்களை ஏலத்தில் எடுத்து, வெட்டி, துண்டுபோட்டு, ஆப்பு வைத்துப் பிளந்து, சிறு கோடரியால் செதுக்கி, இருகைப்பிடிக் கத்தியால் இழைத்து, பின்னர்க் கடைவர். அவர்களுடைய கடைசல் பொறி வியக்கத்தக்கது. தலைக்கு மேலே வளையும் நீண்ட கழி ஒன்று. அதன் நுனியிலிருந்து இறங்கும் கயிறு கடையவேண்டிய கட்டையைச் சுற்றிக்கொண்டு கீழே மிதிகட்டையில் முடியும். மிதித்தால் கட்டை முன்னோக்கிச் சுழலும். காலை எடுத்தால் கழி நிமிர்ந்து கட்டையைப் பின்னோக்கிச் சுழற்றும். முன்சுழற்சியில் மட்டுமே உளி வெட்டும். நீராவியும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். மரத்தைச் சந்தைக்குக் கொண்டுபோவதற்குப் பதிலாகப் பட்டறையையே மரத்தின் அடிக்குக் கொண்டுபோன அறிவு அது.

எனினும் பாட்ஜர் நாற்காலி விற்கவில்லை, கால்களை விற்றான். அவனுடைய கணக்கு ‘குரோஸ்’ கணக்கு. 144 கால்களும், கால்களை இணைக்கும் 108 குறுக்குக் கட்டைகளும் சேர்ந்தது ஒரு குரோஸ். அதாவது 36 நாற்காலிகளுக்கு உரியவை. அவற்றை ஊரிலுள்ள தொழிற்சாலை வாங்கிக்கொள்ளும். அங்கே ஒருவன் வாய்ச்சியால் இருக்கையைக் குடைவான். இன்னொருவன் வில்லை வளைப்பான். மற்றொருவன் அனைத்தையும் பொருத்துவான். பிரம்பு பின்னும் வேலை பெண்களுக்கும் சிறுவருக்கும் வீடுகளுக்கே அனுப்பப்பட்டது. முழு நாற்காலியும் எவருடையது என்றால், தொழிற்சாலை உரிமையாளருடையது என்பதே விடை.

ஊர் வளர்ந்தது. 1875 ஆம் ஆண்டளவில் நாளொன்றுக்கு 4,700 நாற்காலிகள் ஹை விக்கத்தில் செய்யப்பட்டன என்று மதிப்பிட்டுள்ளனர். 1870களில் மூடி, சாங்கி என்னும் அமெரிக்கச் சமயப் பிரசாரகர்களின் கூட்டங்களுக்காக 19,200 நாற்காலிகள் ஒரே கட்டளையில் சென்றன. 1877 ஆம் ஆண்டு டிசம்பரில் விக்டோரியா அரசியார் பிரதமர் டிஸ்ரேலியின் ஹியூகெண்டன் மாளிகைக்கு வந்தபோது, ஊர்மக்கள் கடைத்தெருவில் நாற்காலிகளையே அடுக்கித் தோரண வாயில் கட்டினர். அவ்வூரின் காற்பந்துக் குழுவுக்கு இன்றளவும் ‘நாற்காலிப் பையன்கள்’ என்றே செல்லப்பெயர்.

ஊருக்குப் பெயர் வந்தது. காலைக் கடைந்தவனுக்குப் பெயர் வரவில்லை. காடு அவனுக்குச் சுதந்திரம் தந்தது உண்மையே. அவனை ‘ஏன் தாமதம்?’ என்று கேட்பார் இல்லை. ஆயினும் நாற்காலியின் கால் தனியே எவருக்கும் பயன்படாது. ஆகவே தொழிற்சாலை சொன்ன விலையே விலை. இயந்திரக் கடைசல் மலிந்ததும் தொழிற்சாலைக்கு அவன் தேவைப்படவில்லை. 1944 ஆம் ஆண்டு போர்க்காலத்தில் ஆங்கில அரசாங்கம் லூசியன் எர்க்கோலானியின் விக்கம் தொழிற்சாலையிடம் ஓர் இலட்சம் எளிய நாற்காலிகளைக் கேட்டது. இயந்திரமே அக்கட்டளையை நிறைவேற்றியது. அந்தப் பழைய தலைமுறையின் கடைசிக் கைவினைஞருள் ஒருவரான சாமுவேல் ராக்கல் 1962 ஆம் ஆண்டு காலமானார்.

பொருளின் ஒரு பகுதியை மட்டும் செய்பவன், வாங்குபவன் முகத்தைக் காணாதவன், விலை சொல்ல முடியாது. இது இரண்டாம் பாடம்.

பெயரைக் கேட்டு வாங்கியவர்கள்

இதே இங்கிலாந்தில், இதே கடைசல் முறையில், முழு நாற்காலி செய்த ஒருவரின் வரலாறு வேறு விதமாக அமைந்தது. ஹெரஃபோர்டுஷயரில் பாஸ்பரி என்னும் சிற்றூரில் பிலிப் கிளிசெட் என்பவர் வாழ்ந்தார். பிறந்தது 1817, மறைந்தது 1913. தம் குடிசையிலேயே ஆஷ் மரத்தைப் பிளந்து கடைந்து, ஏணிப்படி போன்ற முதுகும் கோரை பின்னிய இருக்கையும் உடைய நாற்காலிகளைச் செய்து, சுற்றுவட்டாரக் குடியானவர்களுக்குச் சில ஷில்லிங்குகளுக்கு விற்றுவந்தார். இவ்வாறே வாழ்ந்து மறைந்திருந்தால், பல்லாயிரம் கிராமத் தச்சர்களைப் போல அவரும் பெயரற்றவராகவே போயிருப்பார்.

ஆனால் 1880களில் ஜேம்ஸ் மக்லாரன் என்னும் கட்டடக் கலைஞர் அவ்வழியே சென்றபோது அந்த நாற்காலியைக் கண்டார்; செய்தவர் யார் என்று வினவினார். அந்த ஒரு வினாவே பெரிய விளைவுகளுக்கு வித்தாயிற்று. இலண்டனில் 1884 ஆம் ஆண்டு தோன்றிய கலைத் தொழிலாளர் மன்றம் தன் கூட்ட மண்டபத்துக்குக் கிளிசெட்டின் நாற்காலிகளை வாங்கியது. அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ எழுபது. மண்டபத்தில் அவற்றைக் கண்ட எர்னெஸ்ட் கிம்ஸன் என்னும் இளைஞர் 1890 ஆம் ஆண்டு பாஸ்பரிக்கே சென்று சில வாரங்கள் அக்கிழவரிடம் தொழில் பழகினார். கட்டடக் கலை பயின்ற நகரத்து இளைஞர் ஒருவர் கிராமத்துத் தச்சர் முன் மாணவராக அமர்ந்தது அக்காலத்தில் சிறிய செய்தி அன்று.

கிம்ஸனின் வடிவங்களை எட்வர்டு கார்டினர் நாற்காலிகளாக்கினார். கார்டினரிடம் 1939 ஆம் ஆண்டு தொழில் பழகச் சேர்ந்தவர் நெவில் நீல். அவருக்குப் பின் அவர் புதல்வர் லாரன்ஸ் நீல் வார்விக்ஷயரில் அதே தொழிலை இருபத்தொன்றாம் நூற்றாண்டு வரை நடத்தினார். பல்லாயிரம் செய்த தொழிற்சாலைகள் பல மூடப்பட்ட பின்னரும் இச்சிறு பட்டறை நிலைத்தது. மலிவாக விற்றதால் நிலைத்ததன்று. ‘இன்னார் செய்த நாற்காலி’ என்று கேட்டு, தம் முறை வரும்வரை காத்திருந்து வாங்கியவர்கள் இருந்ததால் நிலைத்தது. இங்கே காத்திருந்தவர் வாங்குபவர். இலண்டன் மாடியறைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இந்த ஒன்றிலேயே அடங்கிவிடுகிறது.

விலைப்பட்டியல் அச்சிட்ட துறவிகள்

நல்ல கண்ணுடைய ஒரு வழிப்போக்கர் வரும்வரை ஒவ்வொரு தச்சனும் எழுபது வயது வரை காத்திருக்க வேண்டுமா? வேண்டுவதில்லை என்பதற்கு அமெரிக்காவின் ஷேக்கர் சமயத்தார் சான்று. 1774 ஆம் ஆண்டு ஆன் லீ என்னும் பெண்மணியின் தலைமையில் இங்கிலாந்திலிருந்து சென்ற சிறு குழுவினர் இவர்கள். திருமணம் இல்லை, தனிச்சொத்து இல்லை, உழைப்பே வழிபாடு. தேவையற்ற அலங்காரத்தை அவர்கள் விலக்கினர். ஆகவே அவர்களுடைய மரச்சாமான்களில் மிகையாக ஒரு கோடும் இராது.

நியூயார்க் மாநிலத்து மவுண்ட் லெபனான் கிராமத்தில் வாழ்ந்த ஷேக்கர்கள் நெடுங்காலமாகவே நாற்காலி விற்றுவந்தனர். 1863 ஆம் ஆண்டு ராபர்ட் வேகன் என்பவர் பொறுப்பேற்ற பின்னர் அத்தொழில் ஒழுங்கு பெற்றது. 1872 இல் புதிய தொழிற்கூடம் எழுந்தது. குழந்தைக்கு உரிய 0 முதல் பெரியவருக்கு உரிய 7 வரை நாற்காலிகளுக்கு எண் கொடுத்தனர். படமும் விலையும் அச்சிட்ட பட்டியல் வெளியிட்டனர். 1876 ஆம் ஆண்டு பிலடெல்ஃபியாவில் நடந்த நூற்றாண்டு விழாக் கண்காட்சியில் அந்நாற்காலிகள் பரிசு பெற்றன.

புகழ் வந்ததும் போலியும் வந்தது. பிறர் தங்கள் நாற்காலிகளையும் ஷேக்கர் நாற்காலிகள் என்று விற்கத் தொடங்கினர். உடனே ஷேக்கர்கள் தங்கள் நாற்காலி ஒவ்வொன்றிலும் பொன்னிற வணிக முத்திரை ஒன்றை ஒட்டினர். முத்திரை இல்லாதது தங்களுடையதன்று எனப் பட்டியலிலேயே எச்சரித்தனர். உலக ஆசையைத் துறந்தவர்களுக்கு முத்திரை எதற்கு என்று சிலர் நகைக்கலாம். அது தற்பெருமைக்கான முத்திரை அன்று. தம் உழைப்பின் பெயரில் மட்டமான பொருள் விற்கப்படுவதைத் தடுப்பதற்கான காவல்.

இங்கு மற்றோர் உண்மையையும் மறைக்கலாகாது. ஷேக்கர்களின் உணவும் உடையும் பொதுக் களஞ்சியத்திலிருந்து வந்தன. சனிக்கிழமை இரவு அவர்களை அச்சுறுத்தவில்லை. விலைப்பட்டியல் அச்சிட்டு அதில் உறுதியாக நிற்கும் துணிவு, பொதுக் களஞ்சியம் தந்த துணிவு. அச்சமூகத்தில் ஆட்கள் அருகினர். 1923 இல் தொழிற்கூடம் எரிந்தது. 1947 இல் மவுண்ட் லெபனான் குடியிருப்பே மூடப்பட்டது. ஆயினும் அவர்களுடைய நாற்காலிகள் இன்று அருங்காட்சியகங்களில் செய்தவர் பெயரோடு நிற்கின்றன.

சங்கேடாவின் ஊஞ்சல்

கடல் கடந்த கதைகள் போதும்; நாம் வாழும் பாரதத்துக்கு வருவோம். குஜராத்தில் வதோதராவுக்குக் கிழக்கே ஓர்சங் ஆற்றங்கரையில் சங்கேடா என்னும் சிற்றூர் உள்ளது. 2013 முதல் அது சோட்டா உதய்ப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்குள்ள கராதி குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கடைசல் தொழில் செய்பவை. ‘கராத்’ என்றால் கடைசல் பொறி. தொழிலே குடிப்பெயர் ஆயிற்று.

தேக்கைக் கடைந்து, கால்களையும் கம்பங்களையும் பொருத்தி அவர்கள் செய்யும் நாற்காலி, தொட்டில், ஊஞ்சல் ஆகியவற்றின் அழகைச் சொல்லி முடியாது. கருஞ்சிவப்புப் பின்புலத்தில் பொன்னிறப் பூவேலை மின்னும். ஆனால் அதில் பொன் ஒரு குன்றிமணி அளவும் இல்லை. வெள்ளீயத்தை நுண்ணிய பொடியாக்கிப் பசையோடு குழைத்துத் தூரிகையால் தீட்டுவர்; அது வெள்ளி போல் இருக்கும். அதன்மேல் அரக்கைப் பூசி மெருகேற்றியதும் அரக்கின் மஞ்சள் நிறத்தினூடே வெள்ளி பொன்னாகத் தோன்றும். மலிவான பொருளை அறிவால் உயர்ந்ததாக்கிய கைத்திறன் இது.

குஜராத்தி இல்லங்களில் ஊஞ்சலுக்கு உள்ள இடத்தை நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை. நம் திருமணங்களில் மணமக்களை ஊஞ்சலில் இருத்திப் பாடுகிறோம். செட்டிநாட்டு முற்றத்திலும் தஞ்சைக் கூடத்திலும் ஊஞ்சற் பலகை ஆடியது. குஜராத்தில் குடியேறிய தமிழர் சங்கேடா ஊஞ்சலைக் கண்டு மகிழ்வது இயல்பே.

நாம் இங்கே கவனிக்க வேண்டியது அவ்வூர்ப் பெயரின் வரலாறு. புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999 இல் இயற்றப்பட்டு 2003 இல் நடைமுறைக்கு வந்தது. ஓர் ஊருக்கே உரிய பொருளின் பெயரை வேறு ஊரார் எடுத்தாளாதபடி காப்பது அதன் நோக்கம். சங்கேடா மரச்சாமான் அச்சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றுள்ளது. ஷேக்கர்கள் தமக்கென்று ஒட்டிக்கொண்ட முத்திரையை இங்கே சட்டமே ஓர் ஊருக்கு வழங்கியிருக்கிறது. தனித் தச்சன் ஒருவன் தன் பெயரை நாடறியச் செய்வது அரிது. ஓர் ஊரார் சேர்ந்து தங்கள் ஊர்ப்பெயரைக் காத்துக்கொள்வது இயலும்.

காத்திருக்கும் வலிமைக்கும் நம் நாட்டில் சட்டம் கைகொடுக்க முயன்றுள்ளது. 2006 ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், சிறு தொழிலாளியிடம் பொருள் பெற்ற நிறுவனம் 45 நாள்களுக்குள் பணம் செலுத்த வேண்டும் என்கிறது. 2023 செப்டம்பரில் தொடங்கிய பிரதமர் விஸ்வகர்மா திட்டம் தச்சர் உள்ளிட்ட 18 வகைத் தொழிலாளருக்கு ஈடின்றி, இரு தவணைகளில் மூன்று இலட்சம் ரூபாய் வரை குறைந்த வட்டிக் கடனுக்கு வழி செய்தது. மேஹ்யூ கண்ட மாடியறைத் தச்சனுக்கு வேண்டியிருந்தது ஒரு வாரத்து மரச்செலவும் ஒரு வாரத்து உணவும்தான். அந்தச் சிறு தொகை இல்லாமையால் ஒரு தலைமுறையே ‘வெட்டுக் கொட்டி’லில் விலைபோயிற்று என்பதை எண்ணும்போது, இத்தகைய ஏற்பாடுகளின் அருமை விளங்கும். ஆயின் சட்டம் ஏட்டில் இருப்பது மட்டும் போதாது. அது இருப்பதைத் தச்சர் அறிந்திருக்க வேண்டும். அறிந்தவர் அவருக்குச் சொல்லவும் வேண்டும்.

நாம் செய்யக் கூடியது

வரலாறு கூறுவதைத் தொகுத்துப் பார்ப்போம். வீட்டிலிருந்து பொருள் செய்து விற்பவன் தானே விலை சொல்ல மூன்று வேண்டும். ஒன்று, விற்காவிட்டாலும் சில நாள் காத்திருக்கும் வலிமை. இரண்டு, முழுப் பொருளையும் செய்து, வாங்குபவரை நேரே காணும் வாய்ப்பு. மூன்று, பொருளோடு செல்லும் பெயர். மாடியறைத் தச்சனுக்கு முதலாவது இல்லை. காட்டுத் தச்சனுக்கு இரண்டாவது இல்லை. மூன்றாவதோ இருவருக்குமே இல்லை. கிளிசெட்டுக்குப் பெயர் பிற்காலத்தில் வந்தது. ஷேக்கர்களுக்கு மூன்றும் வாய்த்தன. சங்கேடாவோ பெயரைக் காக்கும் முயற்சியில் இருக்கிறது.

இது தச்சருக்கு மட்டும் உரிய பாடம் என்று கருத வேண்டா. நம் காலனியில் அப்பளம் இட்டும், வடாம் பிழிந்தும், சட்டை தைத்தும், கூடை பின்னியும் வீட்டிலிருந்து விற்கும் சகோதரிகள் உள்ளனர். விலை கேட்டால், ‘நீங்கள் பார்த்துக் கொடுங்கள்’ என்று தயங்குவர். அத்தயக்கத்தை நாம் பணிவு என்று பாராட்டுகிறோம். மேலே கண்ட வரலாற்றை அறிந்தபின், ஒருவர் தம் உழைப்புக்கு விலை சொல்லத் தயங்குவதைப் பாராட்ட மனம் வரவில்லை. அவர்கள் விலை எழுதி ஒட்டுவதும், பொட்டலத்தின்மேல் தம் பெயரைப் போடுவதும் பெருமைக்கான செயல்கள் அல்ல, தொழிலுக்கான வேலிகள்.

வாங்குபவராகிய நமக்கும் கடமை உண்டு. பேரம் பேசுவது குற்றமன்று. அது சந்தையின் வழக்கம். ஆனால் பொழுது சாயும்வரை காத்திருந்து, மற்றவருடைய அவசரத்தை நம் இலாபமாக்கிக் கொள்வது பேரமன்று. செய்து முடித்த வேலைக்குப் பணத்தை ‘அடுத்த மாதம் வாருங்கள்’ என்று தள்ளுவதும் அவ்வகையைச் சேர்ந்ததே. மாதச் சம்பளக்காரராகிய நமக்கு ஒரு மாதம் சிறிது. வாரந்தோறும் மரம் வாங்க வேண்டியவருக்கு அது நெடிது.

நம்முள் பலர் சொந்த ஊரில் பெயரோடு வாழ்ந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். புதிய நகருக்கு வந்தபோது, ‘மதராஸி’ என்ற ஒரே சொல்லில் அப்பெயர்கள் அனைத்தும் மறைந்தன. நம்மைப் பெயர் சொல்லி அழைத்த முதல் அண்டைவீட்டாரை நாம் மறந்திருக்கமாட்டோம். பெயர் இழந்து வாழ்வது எத்தகையது என்பதை அறிந்த நாம், கட்டில் பழுது பார்க்க வரும் தச்சரை ‘மிஸ்திரி’ என்ற பொதுச்சொல்லால் மட்டும் அழைத்து அனுப்பிவிடலாமா?

அடுத்த முறை அவர் வரும்போது பெயரைக் கேட்போம். அவர் செய்த நாற்காலியின் அடியில் அப்பெயரையும் ஆண்டையும் எழுதித் தரச் சொல்வோம். அதனைக் கண்டு அண்டை வீட்டார் விசாரித்தால் அவருடைய முகவரியையும் கொடுப்போம். நமக்கு ஒரு நொடி வேலை. அவருக்கோ, அடுத்த வீட்டில் தம் விலையைத் தலைநிமிர்ந்து சொல்வதற்கு அது துணை நிற்கும்.